அடுத்த அறைக் கணினியின் கதவு

அலுவலகங்களில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒருவர் தம் மேசையை விட்டு எழுந்து, கையில் ஒரு பென்டிரைவுடன் இரண்டு அறைகள் தாண்டிச் செல்கிறார். அங்குள்ள கணினியில் அதைச் செருகி, வேண்டிய கோப்பைப் படியெடுத்துக்கொண்டு திரும்புகிறார். அவர் எழுந்த மேசையையும் சென்றடைந்த மேசையையும் ஒரே வலையமைப்பின் கம்பி இணைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சுவரோரமாக ஓடும் அக்கம்பியின் வழியே அதே கோப்பு சில நொடிகளில் வந்து சேர்ந்திருக்கும். இது தெரியாமல் நடப்பவரும் உண்டு. தெரிந்தே நடப்பவரும் உண்டு. தெரிந்தே நடப்பவரைக் காரணம் கேட்டால், "கதவைத் திறந்து வைத்தால் யார் யாரோ புகுந்துவிடுவார்களே!" என்பார். அவருடைய அச்சம் வீண் அச்சம் அன்று. ஆயினும் எந்தக் கதவுக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அவர் அறிந்திருப்பாரானால், நடையும் மிச்சமாகும். அச்சமும் உரிய இடத்தில் போய் நிற்கும். அதைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

கணினியில் நம் கோப்புகள் உறையும் இடத்திற்கு டிரைவ் என்று பெயர். அதற்குச் சி, டி என்று எழுத்துகளால் பெயரிடுவது வழக்கம். முதல் டிரைவுக்கு மூன்றாம் எழுத்தாகிய சி ஏன் வந்தது என்று நேயர்கள் சிலர் வியந்திருக்கக்கூடும். ஏ, பி என்னும் இரண்டும் பழைய நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாக இருந்தன. நெகிழ்வட்டுகள் வழக்கொழிந்துபோயின, அவற்றின் நாற்காலிகள் மட்டும் இன்னும் காலியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. அரசாங்க அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

நம் மேசையிலிருந்தே இன்னொரு கணினியின் டிரைவைத் திறக்கிறோம் என்று சொல்லும்பொழுது, நம் கை நீண்டு அந்த அலமாரிக்குள் நுழைவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நடப்பது வேறு. பதிவேட்டு அறையை நினைத்துப் பாருங்கள். கோப்பு வேண்டுபவர் உள்ளே புகுந்து அலமாரியைக் குடைவதில்லை. ஒரு சீட்டில் கோப்பின் எண்ணை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறார். காப்பாளர் கையொப்பம் யாருடையது என்று பார்க்கிறார். அந்த மனிதருக்கு அந்தக் கோப்பைக் காட்டலாமா என்று தம் பட்டியலைப் பார்க்கிறார். காட்டலாம் என்றால் எடுத்துக் கொடுக்கிறார். இல்லையெனில் சீட்டு வெறுமனே திரும்பி வருகிறது. வலையமைப்பிலும் இதுவே நிகழ்கிறது. நம் கணினி ஒரு சீட்டை அனுப்புகிறது. அடுத்த அறைக் கணினியில் ஓயாமல் விழித்திருக்கும் ஒரு நிரல், காப்பாளரின் வேலையைச் செய்கிறது. கோப்பைப் படிப்பதும், எழுதுவதும், அழிப்பதும் எல்லாம் அந்தக் காப்பாளரே. நாம் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இதனை மனத்திற் கொண்டால் சில ஐயங்கள் தாமே தெளியும். அடுத்த அறைக் கணினி அணைக்கப்பட்டிருந்தாலோ உறக்க நிலையில் இருந்தாலோ அதன் டிரைவ் நமக்குக் கிட்டாது. காப்பாளர் இல்லாத அறையில் சீட்டை வாங்குவார் யார்? இரண்டாவது, தடையும் அனுமதியும் அந்தக் கணினியில் தீர்மானிக்கப்படுகின்றனவேயன்றி நம் கணினியில் அன்று. "திறக்கவில்லை" என்று நம் கணினியை மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்பவர்கள், பெரும்பாலும் தவறான அறையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சீட்டு எழுதப்படும் மொழிக்கு எஸ். எம். பி. என்று பெயர். சர்வர் மெசேஜ் பிளாக் என்பதன் சுருக்கம் அது. 1980-களில் ஐ. பி. எம். நிறுவனத்தைச் சேர்ந்த பாரி ஃபைகன்பாம் என்பவர் அதை உருவாக்கினார். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை எடுத்து வளர்த்தது. அவருடைய எண்ணம் எளியது, ஆனால் அழகானது. தன் எதிரில் உள்ள வட்டில் கோப்பைத் தேடும் நிரலுக்கு, அந்த வட்டு இதே பெட்டியில் உள்ளதா, பத்து அறைகளுக்கு அப்பால் உள்ளதா என்னும் வேறுபாடு தெரியவே கூடாது என்பதுதான் அது. இன்று தொலைவில் உள்ள ஒரு கோப்புறைக்கு இசட் என்று ஓர் எழுத்தைக் கொடுத்து, அதை நம் சொந்த டிரைவுபோலவே நாம் பயன்படுத்துகிறோம் அல்லவா? அந்த வசதி இந்த எண்ணத்தின் பயனே. இதே எண்ணத்தில் ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

விண்டோஸ் கணினிகளுக்கு மட்டுமே இந்த மொழி உரியது என்றும் கருத வேண்டா. ஆஸ்திரேலியாவில் கான்பரா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், அதே மொழியைப் பேசும் வேறொரு நிரலை எழுதி 1992-இல் வெளியிட்டார். முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் ஆட்சேபிக்கவே, எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடிச் 'சாம்பா' என்று பெயரிட்டார். சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டும் தொழிலில் உள்ள நமக்கு அந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. லினக்ஸ் இயங்கும் சர்வர்களிலிருந்து விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பெறுவது இன்றும் பெரும்பாலும் சாம்பாவின் துணையால்தான்.

சீட்டில் முகவரி எழுத வேண்டுமல்லவா? இடப்பக்கம் சாய்ந்த இரண்டு கோடுகள், அவற்றின் பின் அந்தக் கணினியின் பெயர், மீண்டும் ஒரு சாய்கோடு, பின்னர்ப் பகிர்வின் பெயர்: இவ்வளவே முகவரி. கணினியின் பெயர் தெரியாவிட்டால் அதன் எண்முகவரியையும் எழுதலாம். பெயரால் கிட்டாத கணினி எண்ணால் கிட்டுமானால், கோளாறு கதவில் இல்லை, பெயரைத் தேடித்தரும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

முகவரியை விட முக்கியமானது கையொப்பம். "நீர் யார்?" என்னும் கேள்விக்கு விடை கூறாமல் காப்பாளர் அசைவதில்லை. சிறு அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே ஒரு பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. நம் பெயரும் கடவுச்சொல்லும் நம் கணினியின் பதிவேட்டில் இருந்தால் போதாது. அடுத்த அறைக் கணினியின் பதிவேட்டிலும் இருத்தல் வேண்டும். பெரிய அலுவலகங்களில் இத்தொல்லை இல்லை. அங்கே டொமைன் என்னும் ஏற்பாட்டின்படி தலைமைப் பதிவேடு ஒன்றே. எல்லாக் காப்பாளர்களும் அதைக் கேட்டே முடிவு செய்கின்றனர். சரியான பெயரும் சரியான கடவுச்சொல்லும் கொடுத்தும் "அனுமதி இல்லை" என்ற விடை வந்து திகைப்பவர் பலர். அவர்களுள் சிலருடைய திகைப்புக்குக் காரணம் இது: 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு, ஒரு கணினியின் சொந்தப் பதிவேட்டில் நிர்வாகியாக உள்ளவர், வலையமைப்பின் வழியாக வரும்பொழுது நிர்வாகிக்குரிய அதிகாரமின்றிச் சாதாரண மனிதராகவே நடத்தப்படுகிறார். அதிகாரியே ஆனாலும் வாயிற்காவலரிடம் அடையாளச் சீட்டைக் காட்டித்தான் உள்ளே வர வேண்டும் என்பதுபோன்ற ஏற்பாடு இது. இந்தத் தடையைத் தளர்த்தும் வழிகளைச் சிலர் ஆர்வத்துடன் சொல்லிக்கொடுப்பார்கள். அவற்றைக் கேட்டுச் செய்வதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். தடை காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது.

இனி, பகிர்வு என்பதைப் பார்ப்போம். இந்தச் சொல்லைப் பற்றி நமக்குச் சிறிது மனக்குறை உண்டு. உணவைப் பகிர்ந்தால் பகிர்ந்தவருக்குக் குறைகிறது. கோப்புறையைப் பகிர்ந்தால் ஒன்றும் குறைவதில்லை. எனவே அதன் அபாயமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பகிர்தல் என்பதைவிட, "பார்வைக்கு வைத்தல்" என்றோ, "திறந்துவிடுதல்" என்றோ சொல்லியிருந்தால் மக்கள் இன்னும் சற்று எச்சரிக்கையோடு இருந்திருப்பார்கள். ஆனால் சொல் ஊன்றிவிட்டது. இனி அதை அசைக்க இயலாது.

பகிரும்பொழுது இரண்டு பூட்டுகள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஒன்று பகிர்வின் பூட்டு. வலையமைப்பின் வழியே வருபவருக்கு மட்டுமே அது பொருந்தும். மற்றொன்று வட்டிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் இடப்பட்ட பூட்டு. அந்தக் கணினியின் எதிரிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் அது பொருந்தும். தொலைவிலிருந்து வருபவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். ஒன்று 'எல்லாம் செய்யலாம்' என்று சொல்லி, மற்றொன்று 'படிக்க மட்டும் செய்யலாம்' என்று சொன்னால், படிக்க மட்டுமே முடியும், கடுமையானதே வெல்லும். ஒரு பூட்டை மட்டும் திறந்துவிட்டு "ஏன் எழுத முடியவில்லை?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. பொறுமையிழந்து இரண்டையும் 'எவர்க்கும் எல்லாம்' என்று திறந்துவிடுபவர்களுக்கு என்ன நேரும் என்பதையும் நாம் சொந்த அனுபவத்தால் அறிவோம்.

முன்பு நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், நிர்வாகச் சொற்களுக்கான ஒரு பட்டியல் இருந்தது. அச்சிட்ட சொற்கோவைகளில் இல்லாத சொற்கள், வழக்கில் முட்டுப்பாடு கொடுத்த சொற்கள், விவாதித்து முடிவு செய்த சொற்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை அவை. ஒரு சொல்லுக்கு எதிரில் சில வேளைகளில் அரைப்பக்கக் குறிப்பு இருக்கும். அந்தப் பட்டியல் ஒரு நண்பரின் கணினியில் ஒரு கோப்புறையில் இருந்தது. எல்லாருக்கும் பயன்படட்டும் என்ற நல்லெண்ணத்தால் அவர் அதை எவர்க்கும் எல்லா உரிமையும் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார். புதிதாக வந்த இளைஞர் ஒருவர், தம் கணினியில் இருப்பதாக எண்ணிப் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தினார். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தெரிந்தன. வேண்டாதது என்று நினைத்த ஒன்றை அழித்தார். தவறினால் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நம்பிக்கை.

இங்கேதான், வேறுபாடு தெரியக்கூடாது என்னும் அந்த அழகிய எண்ணத்தின் மறுபக்கம் வெளிப்பட்டது. நம் வட்டில் அழித்த கோப்பு குப்பைக்கூடைக்குப் போகும். வலையமைப்பின் வழியே இன்னொரு கணினியில் அழித்த கோப்போ எந்தக் கூடைக்கும் போவதில்லை. நம்முடைய கூடையிலும் இல்லை, அந்தக் கணினியின் கூடையிலும் இல்லை. அழிக்கும்முன் கணினி ஒரு முறை கேட்கத்தான் கேட்டது. கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என்று விடையளித்துப் பழகிய விரல், அதற்கும் அவ்வாறே விடையளித்துவிட்டது. பிற்பகல் முழுவதும் தேடினோம். இறுதியில் ஒருவருடைய பென்டிரைவில் பழைய படி ஒன்று கிடைத்தது. அது பதினொரு மாதங்களுக்கு முந்தியது. இடையில் சேர்த்த சொற்கள் நினைவிலிருந்து சில வந்தன, பல வரவில்லை. அந்த இளைஞர் அன்று மாலை யாரிடமும் பேசவில்லை. குற்றம் அவருடையது என்று அப்பொழுது எல்லாரும் எண்ணினோம். இப்பொழுது நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. படிக்க மட்டுமே வேண்டியவருக்கு அழிக்கும் உரிமையைக் கொடுத்தது யார்?

பெரும்பாலோருக்குப் படிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமை மிகச் சிலருக்கே தேவை. டிரைவ் முழுவதையும் திறப்பதைவிட வேண்டிய ஒரு கோப்புறையை மட்டும் திறப்பது நன்று. பலர் சேர்ந்து வேலை செய்யும் கோப்புகளை ஒருவருடைய மேசைக் கணினியில் வைப்பதைவிட, அதற்கென்று உள்ள சர்வரில் வைப்பது நன்று. அவர் விடுப்பில் போனாலும் கோப்பு விடுப்பில் போகாது. மேலும், சாதாரண விண்டோஸ் மேசைக் கணினி ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்பதில்லை. பெரிய பிரிவுக்கு அது போதாது.

இனிச் சிலரை மிகவும் உறுத்தும் வினாவுக்கு வருவோம். "நாம் ஒன்றையும் பகிரவே இல்லை, அப்படியிருக்க, கணினிப் பிரிவினர் தம் அறையிலிருந்தே நம் சி டிரைவைப் பார்க்க முடியுமா?" முடியும். விண்டோஸ் தானாகவே ஒவ்வொரு டிரைவையும் நிர்வாகிகளுக்கென்று பகிர்ந்து வைக்கிறது. சி என்னும் எழுத்துக்குப் பின் ஒரு டாலர் குறி இட்டது அதன் பெயர். பெயரின் இறுதியில் டாலர் குறி இருந்தால் அந்தப் பகிர்வு பட்டியலில் தோன்றாது. ஆனால் பெயரை அறிந்து கேட்பவருக்குக் காப்பாளர் விடையளிப்பார், கேட்பவர் நிர்வாகியாக இருந்தால் மட்டுமே. நாமே அதை நீக்கினாலும் கணினி மறுமுறை தொடங்கும்பொழுது அது மீண்டும் முளைத்துவிடும். நிலையாக நிறுத்தவும் வழி உண்டு. ஆனால் காப்புப்படி எடுத்தல், நிரல்களை நிறுவுதல் ஆகிய பணிகள் சில இதை நம்பியிருப்பதால் பொதுவாக யாரும் நிறுத்துவதில்லை.

இது ஒற்றறிதல் அன்று. அலுவலகக் கணினி அலுவலகத்தின் உடைமை. அதைப் பேணுவோரிடம் ஒரு சாவி இருப்பது இயல்பே. குறை சாவியில் இல்லை. சாவி இருப்பதை யாரும் நமக்குச் சொல்லாததில் இருக்கிறது. புதிதாகப் பணியில் சேர்பவரிடம் வருகைப் பதிவேட்டைக் காட்டுகிறோம். விடுப்பு விதிகளைச் சொல்கிறோம். "இந்தக் கணினியின் சாவி இன்னாரிடமும் இருக்கிறது, உம்முடைய வீட்டுக் கணக்கையும் மகளின் திருமண ஓலையையும் இதில் வைக்க வேண்டா" என்று ஒரு வரி சொன்னால் என்ன? மேலும், யார் எப்பொழுது வந்து பார்த்தார்கள் என்பதைக் கணினி குறித்து வைக்க வேண்டுமானால், அவ்வாறு குறித்து வை என்று முன்கூட்டியே கட்டளையிட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டளையை இடக்கூடியவரும் அதே நிர்வாகிதான் என்பது சற்றே சங்கடமான செய்தி. நம் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதையும் அதிலிருந்து படியெடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயல்களாகச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுச் சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடும். கதவு தாழிடாமல் இருந்தது என்பது அங்கே தக்க விடையாகாது.

காப்பாளரையே ஏமாற்றிய கதைகளும் உண்டு. விண்டோஸ் 95, 98 காலத்தில், ஆளைக் கேட்காமல் பகிர்வுக்கு ஒரு கடவுச்சொல்லை மட்டும் வைக்கும் வழக்கம் இருந்தது. அதில் ஒரு பெரும் பிழை இருந்ததை 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல்லில் எத்தனை எழுத்துகளை ஒப்பிட வேண்டும் என்பதைக் காப்பாளர், உள்ளே வர விரும்புபவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்! "ஒன்றே ஒன்று" என்று வந்தவர் சொன்னால், முதல் எழுத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு வழிவிட்டார். எவ்வளவு நீண்ட கடவுச்சொல் வைத்திருந்தவருக்கும் அது ஓரெழுத்துப் பூட்டாகவே இருந்தது.

அதைவிடப் பெரிய துன்பம் 2017-ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமையன்று நேர்ந்தது. வான்னாகிரை என்னும் தீய நிரல், எஸ். எம். பி. மொழியின் முதற்பதிப்பைக் கையாளும் காப்பாளரிடம் இருந்த ஒரு பிழையின் வழியே, பெயரும் கடவுச்சொல்லும் கேளாமலே கணினிக்குக் கணினி தாவியது. தாவிய இடத்தில் கோப்புகளையெல்லாம் மறைகுறியாக்கிப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் சில கணினிகளும் தப்பவில்லை. இதில் வருந்தத்தக்கது, அந்தப் பிழைக்குரிய திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14-இலேயே வெளிவந்திருந்தது என்பதுதான். இரண்டு மாத காலம் அது பல அலுவலகங்களில் நிறுவப்படாமல் கிடந்தது. அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, முதற்பதிப்பு எஸ். எம். பி. புதிதாக நிறுவும் கணினிகளில் இயல்பாக இடம்பெறுவதில்லை. பழைய ஸ்கேனருக்காகவோ நகலெடுக்கும் இயந்திரத்துக்காகவோ அதை மீண்டும் உயிர்ப்பிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தின் வசதிக்காக அலுவலகம் முழுவதின் கதவையும் கழற்றி வைப்பது அது. வெளியுலக இணையத்திலிருந்து இந்த மொழி நுழையும் 445-ஆம் எண் வாயிலை அடைத்தே வைக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

வான்னாகிரைக்குக் கையொப்பம் தேவைப்படவில்லை. அதன் பின் வந்த பணம்பறிக்கும் நிரல்கள் பலவற்றுக்கு நம் கையொப்பமே கிடைத்துவிடுகிறது. நாம் ஒரு மின்னஞ்சலின் இணைப்பைக் கவனமின்றித் திறக்கிறோம். தீய நிரல் நம் பெயரிலேயே இயங்குகிறது. நம் இசட் டிரைவ் அதற்கும் இசட் டிரைவே. நமக்கு எங்கெங்கே எழுதும் உரிமை உண்டோ, அங்கெல்லாம் அதற்கும் உண்டு. காப்பாளர் சரியான கையொப்பத்தைக் கண்டு மறுக்காமல் இடங்கொடுக்கிறார். படிக்கும் உரிமை மட்டும் பெற்றவரின் கணினி கெட்டால் அவருடைய கோப்புகளோடு அழிவு நிற்கும். எழுதும் உரிமை பெற்றவரின் கணினி கெட்டால் பிரிவு முழுவதும் கெடும். ஆகவே, எழுதும் உரிமையை மறுத்தால் அதை அவமதிப்பாகக் கொள்ளும் நண்பர்களிடம் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

நம் கணினியில் இப்பொழுது யார் வந்திருக்கிறார்கள் என்பதை அறிய விரும்பினால், கணினி மேலாண்மை என்னும் பகுதியில் பகிர்ந்த கோப்புறைகள் என்னும் தலைப்பைத் திறக்கலாம். அதற்கு அந்தக் கணினியில் நிர்வாகி உரிமை வேண்டும். திறந்துள்ள பகிர்வுகள், இணைந்துள்ள பெயர்கள், அவர்கள் திறந்து வைத்துள்ள கோப்புகள் என்று மூன்று பட்டியல்கள் அங்கே காணக்கிடைக்கும். டாலர் குறியிட்டு மறைந்து நின்ற பகிர்வுகளும் இந்தப் பட்டியலில் மறைவதில்லை. நாம் முதன்முறை அதைத் திறந்து பார்த்தபொழுது, எப்பொழுதோ ஒரு கூட்டத்துக்காகப் பகிர்ந்து மறந்துபோன கோப்புறைகள் இரண்டு இருந்தன. ஒன்றில் யாரோ படித்துக்கொண்டும் இருந்தார்.

அந்தச் சொற்பட்டியல் இப்பொழுது சர்வரில் இருக்கிறது என்று அறிகிறோம். எல்லாரும் படிக்கலாம், இருவர் மட்டுமே எழுதலாம். நாள்தோறும் மாலையில் ஒரு படி வேறிடத்தில் வைக்கப்படுகிறது. எழுதும் உரிமை பெற்ற அந்த இருவருள் ஒருவர், அன்று கோப்புறையை அழித்த அதே இளைஞர்.